பஸ்ஸில் கேட்ட பாட்டு

எங்கள் வீட்டில் பாட்டுச் சத்தம் கேட்காது. வாப்பாவுக்கு விருப்பமில்லை, உம்மாவுக்கு நேரமில்லை. ஆனால் பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் தனியார் பஸ்ஸில் ஏறிவிட்டால் நம் வீட்டுச் சட்டம் அங்கே செல்லாது. சாரதி போடுவதை எல்லோரும் கேட்டே ஆகவேண்டும். பசறையில் இருக்கும் சாச்சி வீட்டுக்குப் போய் வந்தே எனக்குப் பல பாடல்கள் பாடமாகிவிட்டன. பாட்டுக் கேட்பது பற்றி மார்க்க அறிஞர்கள் சொல்லும் விடயங்களுக்குள் நான் போகவில்லை. அந்தத் தகுதி எனக்கில்லை. நான் எழுத வந்தது ஒரு பாட்டில் இருந்த ஒரு சொல்லைப் பற்றி. அந்தச் சொல் பஸ்ஸிலிருந்து இறங்கி எங்கள் வீட்டுக் குசினிவரை வந்துவிட்டது.

முதலில் என் நானாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் கொழும்பில் வேலை செய்கிறார். ஆங்கில றொக் பாடல்கள் என்றால் அவருக்குப் பைத்தியம். பெருநாளைக்கு வீட்டுக்கு வந்தால், வாப்பா பள்ளிக்குப் போன நேரம் பார்த்து என்னிடம் அந்தப் பாடல்களின் கதைகளைச் சொல்வார். பாட்டைப் போட்டுக் காட்டமாட்டார், கதை மட்டும்தான். அதில் தவறில்லை என்பது அவருடைய பத்வா.

'ஸொம்பி' என்ற பாட்டைக் கேட்டதும் பேய்ப்படப் பாட்டு என்றுதான் நான் நினைத்தேன். அது அயர்லாந்தின் க்ரான்பெரிஸ் குழு 1994இல் வெளியிட்ட பாட்டு. அதற்கு முந்தைய ஆண்டு மார்ச் மாதம் இங்கிலாந்தில் வொரிங்டன் என்ற ஊரின் கடைத்தெருவில், குப்பைத் தொட்டிக்குள் வைத்த குண்டுகள் வெடித்து இரண்டு பிள்ளைகள் இறந்தார்கள். ஒரு பிள்ளைக்கு மூன்று வயது, மற்றப் பிள்ளைக்குப் பன்னிரண்டு. அந்தத் துக்கத்தில்தான் டொலோரஸ் ஓ'ரியோர்டன் என்ற பாடகி அதை எழுதினார். புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1984இல் பாடிய 'போர்ன் இன் த யு.எஸ்.ஏ.' நாட்டுப்பற்றுப் பாட்டு என்று நினைத்துப் பலர் கொடி அசைத்தார்களாம். உண்மையில் அது வியட்நாம் யுத்தத்திலிருந்து திரும்பி வந்து வேலையும் கிடைக்காமல் நின்ற ஒருவனின் புலம்பல். 1983இல் வந்த 'எவ்ரி பிரெத் யூ டேக்' பாட்டைக் கலியாணங்களில் போடுகிறார்கள். அதுவோ பிரிந்துபோன ஒருத்தியை விடாமல் கண்காணிக்கும் ஒருவனின் பாட்டு. இதைக் கேட்டு நானும் நானாவும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

நம் நாட்டு பைலாவும் அப்படித்தான் என்றார் நானா. சுற்றுலா பஸ்ஸில் கைதட்டிப் பாடும் அந்தத் தாளத்தின் பெயரே, ஆடுவது என்ற பொருள் தரும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது. போர்த்துக்கேயர் இங்கே அடிமைகளாகவும் படையாட்களாகவும் கொண்டுவந்த ஆபிரிக்கர்களின் பாட்டும் அதில் கலந்திருக்கிறது. அவர்களுடைய வழிவந்தவர்கள் சிலர் இன்றும் புத்தளம் பக்கம் இருக்கிறார்கள்.

"எங்கட தமிழ்ப் பாட்டுகள்ல அப்படி ஒண்டும் இல்லையே நானா?" என்று கேட்டேன்.

"ஏன் இல்ல? 'என்ஜாய் எஞ்சாமி' கேட்டிருக்கியா?"

கேட்டிருக்கிறேனா! 2021 மார்ச் 7ஆம் திகதி வெளியான பாட்டு அது. அப்புறம் பல மாதங்கள் பசறை பஸ்ஸில் அதுதான். பஸ் வளைவில் திரும்பும்போதெல்லாம் அந்தக் குக்கூ சத்தமும் சேர்ந்து திரும்பும். சின்னப் பிள்ளைகள் சீற்றில் ஏறி நின்று ஆடுவார்கள். நான் ஆடவில்லை, ஆனால் கால் தாளம் போட்டது உண்மை. பறவைகள், மரங்கள், தோட்டம் என்று வருவதால் இயற்கையைப் பற்றிய மகிழ்ச்சியான பாட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

நானா சொன்ன பிறகுதான் தெரியும். அதை எழுதிப் பாடிய அறிவு தமிழ்நாட்டின் அரக்கோணத்தைச் சேர்ந்தவர். கூடப் பாடியவர் தீ. தயாரித்தவர் சந்தோஷ் நாராயணன். காணொளியில் கம்பீரமாக வரும் வயதான பெண்மணி அறிவின் சொந்தப் பாட்டி வள்ளியம்மாள். அந்தப் பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். இங்கிருந்து இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட இலட்சக்கணக்கானவர்களில் அவரும் ஒருவர். 'எஞ்சாமி' என்பது 'என் சாமி'. பேரப்பிள்ளையைக் கொஞ்சும் பாட்டியும் அப்படித்தான் கூப்பிடுவாள். நிலக்காரன் முன் கைகட்டி நிற்கும் உழைப்பாளியும் அப்படித்தான் கூப்பிடுவான். ஒரே சொல்லுக்குள் செல்லமும் அடிமைத்தனமும் இருக்கின்றன. பாட்டின் நடுவில் ஒப்பாரியின் சாயலும் வருகிறது. ஆட்டப் பாட்டுக்குள் ஒப்பாரி எதற்கு என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

அன்றைக்கு இதுவும் ஒரு சுவாரசியமான கதையாக எனக்குப் பட்டது, அவ்வளவுதான். வொரிங்டன் எவ்வளவு தூரமோ அரக்கோணமும் அவ்வளவு தூரம்.

உயர்தர டியூஷன் வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் சிநேகிதி நமுனுகுல மலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வருகிறாள். காலை ஐந்து மணிக்கு லயத்திலிருந்து புறப்பட்டால்தான் வகுப்புக்கு நேரத்துக்கு வரலாம். ஒருமுறை காய்ச்சலால் இரண்டு வாரம் அவள் வரவில்லை. நோட்ஸ் கொடுக்கவேண்டும் என்று உம்மாவிடம் கெஞ்சி, உம்மாவும் நானுமாகப் போனோம். பஸ்ஸை விட்டு இறங்கித் தேயிலைக்கு நடுவே அரைமணி நேரம் ஏற வேண்டியிருந்தது. உம்மாவின் செருப்பு இரண்டு தடவை சறுக்கியது.

அவளுடைய அப்பாயி வாசலிலேயே நின்றார். "வா சாமி, வா" என்று என் கையைப் பிடித்தார். அந்தச் சொல்லை அப்போதுதான் நேரில் கேட்டேன். சாயத்தண்ணியும் பிஸ்கட்டும் வந்தன. "கடையில வாங்குனதுதான், ஒங்க ஆளுக சாப்புடுற பிஸ்கட்டுதான், சாப்புடு" என்று உம்மாவிடம் பக்கெற்றைத் திருப்பி ஹலால் முத்திரையைக் காட்டினார். உம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த நேரம் சிநேகிதியின் தம்பி போனில் அதே பாட்டைப் போட்டான். நான் பெரிய அறிவாளி மாதிரி, "பாட்டி, இந்தப் பாட்டு உங்களைப் போல ஒருவரைப் பற்றியது தெரியுமா?" என்று ஆரம்பித்தேன்.

"தெரியாம என்ன? தோட்டம் தோட்டம்னு சொல்லுதே" என்றார்.

எனக்கு ஒரு நிமிடம் விளங்கவில்லை. பிறகுதான் உறைத்தது. நான் அந்தச் சொல்லைக் கேட்டபோதெல்லாம் என் மனதில் வந்தது பூந்தோட்டம். மரம் நட்டுத் தோட்டம் போட்ட ஒருத்திக்கு அதனால் தன் தாகம்கூடத் தீரவில்லை என்ற பொருளில் அந்தப் பாட்டில் ஓர் இடம் வருகிறது. தமிழ்நாட்டில் கேட்பவர்களுக்கு அது வீட்டுத் தோட்டமாகவோ வயல் தோட்டமாகவோ படலாம். ஆனால் ஊவாவில் தோட்டம் என்றால் என்ன? தோட்டத்து ஆள், தோட்டப் பாடசாலை, தோட்டத்துரை, தோட்டத்து லயம். பிறந்ததிலிருந்து ஒவ்வொரு நாளும் அந்தப் பொருளில்தான் அந்தச் சொல்லைச் சொல்லி வருகிறேன். கோடிக்கணக்கானோர் கேட்ட பாட்டின் மறைபொருள் முதலில் விளங்கியிருக்க வேண்டியது பதுளை பஸ்ஸில் இருந்த எங்களுக்குத்தான். ஒரு நாளும் லயத்தை விட்டு வெளியூர் போகாத பாட்டிக்கு அது முதல் தடவையே விளங்கியிருக்கிறது. எனக்கு விளங்கவில்லை.

பாட்டி பேரனிடம், "அத நிப்பாட்டு" என்றார். பிறகு அவராகவே கதைத்தார்.

அவருடைய அண்ணன் குடும்பம் எழுபதுகளின் தொடக்கத்தில் இந்தியாவுக்குப் போனது. பாட்டி கட்டியவருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்தது, அண்ணனுக்குக் கிடைக்கவில்லை. ஒரு லயத்தில் பக்கத்துப் பக்கத்துக் காம்பராவில் இருந்தவர்கள் இரண்டு நாட்டவர் ஆனார்கள். பதுளை ஸ்டேஷனில்தான் வழியனுப்பினார்கள். "அழுகைக் கோச்சின்னு சொல்லுவோம் சாமி. கோச்சி நகருது, அண்ணி ஜன்னல்ல கைய விடல, நானும் விடல. பிளாட்பாரம் முடியிற வரைக்கும் ஓடுனேன். வயித்துல புள்ள." தலைமன்னாருக்குப் போய், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம். முதல் கடிதம் வந்தது நீலகிரிப் பக்கமிருந்து. அங்கேயும் தேயிலைதானாம். இங்கே இந்தியாக்காரன் என்றார்கள், அங்கே சிலோன்காரன் என்கிறார்கள் என்று அண்ணன் எழுதியிருந்தாராம். சில வருடங்களில் கடிதமும் நின்றுவிட்டது.

வரலாற்றுப் பாடத்தில் இதெல்லாம் எனக்கு மனப்பாடம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலானவர்களை நாடற்றவர் ஆக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று வைத்துவிட்டு, 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். நாடற்றவராகவே இங்கு தங்கிவிட்டவர்களின் பிரச்சினை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் தீர்ந்தது. திரும்பிப் போனவர்களுக்கு வேலை கொடுக்கவென்றே தமிழ்நாட்டு அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் திறந்தது. பரீட்சைத் தாளில் இதற்கு முழுப் புள்ளியும் வாங்கினேன். ஆனால் 525,000 என்று எழுதும்போது, கையை விடாமல் பிளாட்பாரத்தில் ஓடிய ஒரு கர்ப்பிணி அந்தக் கணக்கில் எந்தப் பக்கம் சேருவார் என்று கேட்கத் தோன்றவில்லை.

கேலண்டரைப் பார்த்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்கள் புதைந்தது 2014 ஒக்டோபர் 29. ஒப்பந்தத்துக்கு ஐம்பது வருடம் நிறைய ஒரு நாள்தான் பாக்கி. போகச் சொன்னவர்கள் போனார்கள், இருக்கச் சொன்னவர்களுக்கு இருக்கப் பாதுகாப்பான காணி இல்லை. ஒரு துண்டுக் காணியும் ஒரு வீடும் என்பது என் சிநேகிதியின் வீட்டில் இன்றும் எதிர்பார்த்துக் கதைக்கும் விடயம்.

எங்கள் தமிழ் டீச்சரிடம் இந்தப் பாட்டைப் பற்றிச் சொன்னபோது, இது புதிய பழக்கமில்லை என்றார். சி.வி. வேலுப்பிள்ளை திரட்டிய மலைநாட்டு மக்கள் பாடல்களைப் படித்துப் பார் என்றார். தாலாட்டுப் போல இருக்கும், உள்ளே கங்காணியின் மேல் முறைப்பாடு இருக்கும். கும்மிப் பாட்டு மாதிரி இருக்கும், உள்ளே துரைக்கு ஒரு குத்தல் இருக்கும். வெளிப்படையாகச் சொன்னால் பேர் வெட்டுவார்கள் என்று பயந்தவர்கள் பாட்டுக்குள் ஒளித்து வைத்தார்கள் போலும். நானாவின் றொக் பாடகர்களை மேடையேறிய பிறகு உலகம் தவறாக விளங்கிக்கொண்டது. இவர்களோ தவறாக விளங்கட்டும் என்றே பாடியவர்கள்.

அறிவுக்கும் அந்தப் பாட்டோடு சுகமான முடிவு கிடைக்கவில்லை. 2021இல் ஒரு பிரபல இசை இதழின் அட்டையில் பாட்டைப் பற்றிய படம் வந்தபோது அவர் முகம் அதில் இல்லை. 2022இல் தமிழ்நாட்டில் நடந்த செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டுப் பாடப்பட்டபோதும் அவர் மேடையில் இல்லை. அதன் பிறகு யார் எதைச் செய்தார்கள் என்று இரு பக்கமும் அறிக்கைகள் வெளியிட்டன. யார் சரி என்று சொல்ல நான் ஆளில்லை. ஆனால் இடமில்லாமல் போனவர்களைப் பற்றிப் பாடியவருக்கும் அட்டையில் இடமில்லாமல் போனது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

இனி எங்கள் வீட்டுக் கதை. அன்றைக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில் உம்மா ஒன்றும் கதைக்கவில்லை. இறங்கும்போது மட்டும், "அண்டாவப் பத்தி உம்மும்மாட்டக் கேளு" என்றார்.

எங்கள் குசினியில் ஒரு பெரிய பித்தளை அண்டா இருக்கிறது. ரமழான் மாதத்தில் கஞ்சி காய்ச்சுவது அதில்தான். அதன் விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாக இரண்டு எழுத்து வெட்டியிருக்கும்: க. வீ. செய்த கடையின் பெயராக்கும் என்று சின்ன வயதிலிருந்து நினைத்திருந்தேன். அதையும் சரியாக வாசிக்கவில்லை.

உம்மும்மாவின் வாப்பா பசறை வீதியில் ஒரு தோட்டத்துச் சந்தியில் கடை வைத்திருந்தார். லயத்து ஆட்கள் கொப்பியில் எழுதிவைத்து மாவும் அரிசியும் கருவாடும் வாங்குவார்கள். சம்பள நாளில் கணக்குத் தீர்ப்பார்கள். இந்தியாவுக்குப் போகிறவர்கள் கணக்கை முடிக்க வேண்டும், வழிச்செலவுக்கும் காசு வேண்டும். அதனால் குடம், அண்டா, குத்துவிளக்கு, உரல் என்று கடைக்குக் கொண்டுவந்தார்கள். வாப்பா தராசில் போட்டு றாத்தல் கணக்கில் எடுத்தார்.

"றாத்தல் எவ்வளவு உம்மும்மா?"

"அது எனக்கு எப்பிடித் தெரியும்? நான் அப்ப உன்னப் போல ஒரு குமரு. உள்ளுக்குள்ள இருந்து பாத்தது மட்டுந்தான்." கொஞ்ச நேரம் தஸ்பீஹை உருட்டிக்கொண்டிருந்தார். "வாப்பா ஏமாத்தல்ல மகள். கடை விலைதான் குடுத்தாரு. ஆனா எல்லாரும் ஒரே மாசத்துல விக்க வந்தா விலை எங்க நிக்கும்?"

எனக்குக் கோபம் வந்ததா, வெட்கமா என்று தெரியவில்லை. அவர் நேர்மையான மனிதர் என்றே எல்லோரும் சொல்வார்கள். கடன் தீர்க்க முடியாமல் போன சிலரின் பக்கங்களைக் கிழித்து அடுப்பில் போட்டாராம். அதுவும் உண்மை, அண்டாவும் உண்மை.

"இந்த அண்டாவைக் கொண்டுவந்தது யார்?"

"ஒரு பொம்புள. பேரு மறந்து போச்சு. முகம் ஞாபகம் ஈக்கி. விக்கக் கொண்டுவந்த சாமான்தானே, அப்படியே வச்சிட்டுப் போகலாந்தானே? பீலியடிக்குப் போயி, புளி போட்டுத் தேச்சுக் கழுவி, முந்தானையால தொடச்சிட்டுத் தந்தா. கவுத்து வைக்காதீங்க, விளிம்பு நசுங்கும் எண்டு வாப்பாக்கிட்ட சொன்னா. அதுக்குப் பொறகு எங்கட வீட்டுல யாரும் அதக் கவுத்து வச்சதில்ல."

உண்மைதான். எங்கள் வீட்டில் மற்றப் பாத்திரங்கள் எல்லாம் கழுவிக் கவிழ்த்தே இருக்கும். அண்டா மட்டும் சுவரோடு சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். அது ஏன் என்று நான் கேட்டதே இல்லை.

கடதாசியை எழுத்தின் மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தேன். அதை அடுத்த வகுப்பில் சிநேகிதியிடம் கொடுத்து, அப்பாயிக்குக் காட்டச் சொன்னேன். க. வீ. என்றால் கறுப்பையாவும் ஆகலாம், கந்தசாமியும் ஆகலாம், அந்த மலையில் அப்படி எத்தனையோ பேர் என்று பாட்டி சொன்னாராம். தங்கள் ஆட்கள் இல்லையாம். ஆனால் கடதாசியைத் திருப்பித் தரவில்லை. சாமித் தட்டில் வைத்துவிட்டாராம்.

இந்த நோன்புக்கு முன்பு அண்டாவுக்கு ஈயம் பூச வேண்டியிருந்தது. வாப்பா அதைத் தூக்கிக்கொண்டு வாசலால் இறங்கும்போது உம்மும்மா கட்டிலிலிருந்தே கூப்பிட்டார்.

"மகன், உள்பக்கம் மட்டும் பூசச் சொல்லுங்க. வெளிய எழுத்து ஈக்கிற பக்கத்தத் தேய்க்க வாணாம் எண்டு சொல்லுங்க."